காலி சீசா

கல்லூரிக்கு வெளியே மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு மாணவிகளில், குப்பைக்குப் பொறுப்பு ஒருத்தி. அதனால் தோழி அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். பதிலுக்கு இவள் வைத்தது தூங்குமூஞ்சி.

அன்று தூங்குமூஞ்சி அலமாரியையே கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“என் எண்ணெய் சீசா எங்கடி?”

“அந்தக் காலி சீசாவா? மறுசுழற்சித் தொட்டியில போட்டுட்டேன்.”

“அடிப்பாவி!”

தெருமுனையில் குப்பை வண்டியின் சத்தம். இருவரும் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். இன்ஸ்பெக்டரே தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, சீசாவை எடுத்துக் கொடுத்தாள்.

“இந்தா, உன் புதையல். ஒரு சொட்டுகூட இல்ல, இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?”

தோழி சிரித்தபடியே மூடியைத் திறந்து முகர்ந்தாள். சிரிப்பு நின்றது. மறுபடியும் முகர்ந்தாள்.

“கழுவிட்டியா?”

“பின்னே? பிசுக்கோட போட்டா வண்டிக்காரர் எடுக்க மாட்டாரே. சோப்பு போட்டு, வெந்நீர்ல பளிச்சுன்னு கழுவினேன்.”

தோழி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கம்மா காய்ச்சின எண்ணெய்டி. அவங்க செத்ததுக்கு அப்புறம், அவங்க தலைமுடி வாசனை இதுல மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு.”