வலது தோள்

மாத்திரை அட்டையை அவள் கீழே வைக்கவில்லை. கைக்குள் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"நாலு மாசமா முழுங்குதேன். முழுங்குன நாள்லயிருந்து வலது தோள் இத்துப்போகுது. இது மருந்தா, விஷமா?"

வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பாக்கியசெல்வி கருவியைப் பையில் வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

கட்டிலில் வீட்டுக்காரியின் புருஷன். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து பத்து மாதம். பேச்சும் போய்விட்டது.

"அண்ணன எந்தக் கையக் குடுத்துக்கா தூக்குதீங்க?"

அவ்வளவுதான்.

"மாத்திர குடுக்க வந்தவ குடுத்துட்டுப் போ. எம்புருசனால எனக்கு வலியா? இன்னொரு வாட்டி அப்படிச் சொன்னே, இந்த வாசல மிதிக்காத."

பாக்கியசெல்வி செருப்பை மாட்டினாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அதுவும் இவளுக்கு எரிச்சலாக இருந்தது.

எழுப்ப. துடைக்க. புரட்ட. சாய்த்து உட்காரவைக்க. ஒரு நாளில் எத்தனை தடவை என்று அவள் எண்ணியதில்லை. எண்ணினால் ஆண்டவரிடம் குறை சொன்னதுபோல ஆகிவிடும்.

மாத்திரையைத் திட்டலாம். அதில் பாவம் இல்லை.

அட்டையை ஜன்னலைப் பார்த்து வீசினாள்.

கம்பியில் பட்டுத் திரும்பி, அவன் நெஞ்சில் விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ரத்த அழுத்த மாத்திரையை இதே ஜன்னல் வழியாக அவனும் எறிந்தவன்தான். மாத்திரை தின்றால் கால் கடுக்கிறது என்றான். பகலெல்லாம் உப்பு மூட்டை சுமந்த கால். அட்டை சாக்கடையில் மிதந்துபோனது.

அன்றைக்கு அவள் சிரித்தாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தபோது, அவன் அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். இடது கையால் இழுத்தான். தாள் கிழிந்தது. எச்சில் பட்ட ஒற்றை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"உனக்கென்ன வந்துச்சு? வாயத் தொற."

திறக்கவில்லை. பற்களை இறுக்கிக்கொண்டான். கை நீண்டபடியே இருந்தது. கண்ணில் அத்தனை கோபம். மூட்டை சுமந்த நாட்களில்கூட அவனிடம் அதை அவள் பார்த்ததில்லை.

"வீம்பப் பாரு."

வெடுக்கென்று எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். தொண்டையில் ஒட்டி, கசந்து, இறங்கியது.

அவனை உட்காரவைக்கக் குனிந்தாள்.

அவள் கையைத் தட்டிவிட்டான்.

பலமாக.

பிறகு தலைமாட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தான். ஒரு சாண் எழும்பினான். சரிந்தான். மறுபடி பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் வலது கை தானாக நீண்டது.

அவன் முறைத்தான்.

அவள் அந்தக் கையை இடது கையால் பிடித்து மார்போடு கட்டிக்கொண்டாள். கிண்ணத்தில் கஞ்சி ஏடு கட்டத் தொடங்கியிருந்தது.

ஆறட்டும் என்று நின்றாள்.