விடிய விடியத் தட்டியவர்

"ஆண்டவர் கையைக் கொடுத்தார், இல்லேங்கலை. ஆனா அந்தக் கையால தட்டினது யாரு? நான்தானே!"

பெயின்டர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி, "மெதுவா பேசுங்க, இது ஆஸ்பத்திரி" என்றாள்.

"நீ சும்மா இரு. தம்பிக்குப் புரிய வைக்கணும்."

தம்பி என்றது அடுத்த கட்டிலில், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு கிடந்த எலக்ட்ரீஷியனை. ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும், இருவரும் முகம் பார்த்துக்கொண்டது இந்த வார்டில்தான். போன வாரம், மற்றவர்கள் சாப்பிட வெளியே போயிருந்த நேரத்தில், பாதி கட்டியிருந்த அந்தக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே மாட்டியது இவர்கள் இருவர் மட்டும். மறுநாள் காலையில்தான் வெளியே எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் தன் சர்ச் சபையில், ஆண்டவர் காப்பாற்றியதைச் சாட்சியாக எழுந்து சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதில்தான் வாக்குவாதம்.

"வாய் நிறைய சிமென்ட் தூள். கத்த முடியலை. பக்கத்துல ஒரு தண்ணிக் குழாய் இருந்துது. கல்லை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சேன். விரல்ல தோல் உரிஞ்சு போச்சு, விட்டேனா? விடிய விடியத் தட்டினேன். விதியேன்னு படுத்திருந்தா இந்நேரம் மண்ணுக்குள்ள இருப்பேன். ரட்சிப்பும் அப்படித்தான் தம்பி. அவர் கதவைத் திறந்து வைப்பார். நடந்து போக வேண்டியது நாமதான்."

"நடக்கவே முடியாதவன் என்னண்ணே பண்றது?" என்றார் எலக்ட்ரீஷியன். "என் ரெண்டு கையும் தூணுக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஜெபம் பண்ணக்கூடத் தெம்பு இல்லை. போதும்டா சாமின்னு கண்ணை மூடிட்டேன். அப்புறம்தான் ஆளுங்க வேலை செய்யற சத்தம் கேட்டுது. சரி, நம்மைத் தேடி வந்துட்டாங்கன்னு உயிரைப் பிடிச்சுக்கிட்டேன். நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கலை. எல்லாம் கிருபைண்ணே."

"நான் தட்டினது?"

"அதுவும் கிருபைதான்."

"விரல் வலி மட்டும் எனக்கா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது வார்டுக்குள் தீயணைப்பு அதிகாரி நுழைந்தார். இருவரையும் மீட்டவர் அவர்தான்.

"வாங்க சார்! நல்ல நேரத்துல வந்தீங்க" என்று பெயின்டர் கும்பிட்டார். "நான் குழாயில தட்டினதைக் கேட்டுத்தானே என்னைக் கண்டுபிடிச்சீங்க? இவருக்குச் சொல்லுங்க."

அதிகாரி விழித்தார். "தட்டினீங்களா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே. குழாய் எல்லாம் உள்ளேயே உடைஞ்சு மண் மூடிக் கிடந்துதே!"

பெயின்டரின் முகம் சுருங்கிப்போனது. "அப்போ அந்த இடத்துல எப்படித் தோண்டினீங்க?"

"இவங்கதான் காரணம்" என்று பெயின்டரின் மனைவியைக் காட்டினார் அதிகாரி. "ராத்திரி முழுக்க தடுப்புக்கு வெளியே, அந்த மூலைக்கு எதிர்லயே நின்னாங்க, நகரவே இல்லை. 'என் வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார்'னு ஒரே பிடிவாதம். வெளிச்சம் வந்ததும் அங்க தோண்டினோம். உங்களை எடுக்கும்போதுதான் சுவருக்குப் பின்னால இவரும் கிடக்கறது தெரிஞ்சுது."

பெயின்டர் மனைவியைப் பார்த்தார். "ஏன் சொல்லலை?"

"என்னை எங்க பேச விட்டீங்க?" என்றாள் அவள். "தினம் சாப்பாடு கொண்டு வர்றவளுக்கு, நீங்க எந்த மூலையில உட்கார்ந்திருப்பீங்கன்னு தெரியாதா?"

பெயின்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. "அப்போ நான் தட்டினதெல்லாம் வீண்தானா தம்பி?" என்றார், குரல் இறங்கி.

எலக்ட்ரீஷியனுக்குப் பாவமாக இருந்தது. பேச்சை மாற்ற அதிகாரி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சார் பெரிய நன்றி. ராத்திரி பூரா நீங்க வேலை செஞ்ச சத்தம் இல்லேன்னா, நான் அப்பவே உயிரை விட்டிருப்பேன்."

"ராத்திரியா?" அதிகாரி தலையை ஆட்டினார். "மேல்தளம் சரிஞ்சிடும்னு பயந்து மெஷினை எல்லாம் நிறுத்தி வெச்சிருந்தோம். விடியற வரைக்கும் ஒருத்தரும் பக்கத்துலயே வரலை."

"என்ன சார் சொல்றீங்க? என் தலைமாட்டுல இருந்த தண்ணிக் குழாயில, 'இரு, வந்துட்டோம்'னு சொல்ற மாதிரி, விடியற வரைக்கும் யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்களே!"

பெயின்டர் வாயைத் திறந்தார். வாதம் எதுவும் வரவில்லை, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று மட்டும்தான் வந்தது.