முதுகு ஓவியர்

"முகம் வரையறது உங்களுக்கு மறந்தே போச்சா சார்?"

விமர்சகி பட்டென்று கேட்டுவிட்டாள். ஓவியர் கோபப்படவில்லை. தூரிகை துடைத்த துணியிலேயே மூக்கையும் துடைத்துக்கொண்டார். மூக்கு நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"ஆமாம்மா. வயசாச்சுல்ல."

"அந்தப் படங்களை வரைஞ்சப்ப உங்களுக்கு முப்பத்தஞ்சு வயசுதான் சார்."

"அப்படின்னா, சின்ன வயசுலேயே வந்த மறதி."

விமர்சகிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்காட்சியில் அவருடைய வாழ்நாள் படங்களை எல்லாம் வரிசையாக மாட்டப் போகிறார்கள். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு தலைப்பு, நாலு வரி விளக்கம் எழுதுவது அவள் பொறுப்பு. மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும், அப்புறம் சுவரில் ஏற வேண்டும். ஆரம்ப காலத்தை எழுதி முடித்தாயிற்று. பிற்காலமும் முடிந்தது. நடுவில் இருக்கும் படங்கள்தான் தொண்டையில் முள்ளாக நின்றன.

அத்தனையும் முதுகு. தையல்காரரின் முதுகு, பஸ் கண்டக்டரின் முதுகு, தலை வாரும் பெண்ணின் முதுகு. 'முதுகு ஓவியர்' என்று ஊரே பட்டம் கட்டியிருந்தது.

"காரணத்தைச் சொல்லிடுங்க சார். இல்லைன்னா நானே ஒண்ணு எழுதவேண்டி வரும்."

"முகத்தை வரைஞ்சா, மூக்கு இப்படியா, காது அப்படியான்னு சண்டைக்கு வர்றாங்க. தன் முதுகை யாரும்மா பார்த்திருக்காங்க? எப்படி வரைஞ்சாலும் ஒத்துக்குவாங்க."

"கல்லூரிக்காரங்க ஒத்துக்கலையே!"

அது ஊரறிந்த கதை. ஓய்வுபெற்ற முதல்வரின் படத்தை மண்டபத்தில் மாட்ட ஆசைப்பட்டு இவரிடம் கேட்டிருந்தார்கள். விழா நடத்தி, மேடையில் திரையை விலக்கினால் ஒரு வழுக்கையும் சட்டைக் காலரும். முதல்வர் தன் படத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு படம் வரையச் சொல்லி ஒருவரும் இவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"வழுக்கை அச்சு அசலா வந்திருந்துச்சும்மா. அதை யாரும் சொல்லலை."

"விளையாடாதீங்க சார். உங்க அம்மா ஆசையா கேட்டப்பவும் முதுகைத்தான் வரைஞ்சு கொடுத்திருக்கீங்க. பெத்தவங்க முகத்தைக்கூட பார்க்கப் பிடிக்காத அளவுக்கு மனுஷங்க மேல வெறுப்பா? இல்ல, கை ஓடலையா? ரெண்டுல ஒண்ணுதான்."

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அம்மா ஒரு வருஷம் என்கிட்ட பேசலை" என்றார். பிறகு சமாளித்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு. நிம்மதியா வேலை ஓடுச்சு" என்றார்.

இதற்கு மேல் இந்த மனுஷரிடம் பேசிப் பயனில்லை என்று விமர்சகி மடியில் வைத்தே எழுத ஆரம்பித்தாள். ஓவியரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நிமிர்ந்தும் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

"என்ன எழுதறீங்க?" என்று கேட்டார் மனைவி.

விமர்சகி படித்துக் காட்டினாள். "வறண்ட காலம். மனித முகங்களைத் தீட்டும் திறனை ஓவியர் இழந்திருந்த ஆண்டுகள் இவை. பின்னர் பெயரும் புகழும் வேண்டி மீண்டும் முகங்களுக்குத் திரும்பினார்."

"பிரமாதம்!" என்று துள்ளி எழுந்தார் ஓவியர். "ஒரு எழுத்து மாத்த வேண்டாம். அப்படியே அனுப்பிடுங்க. டீ ஆறுது பாருங்க, குடிச்சுட்டுக் கிளம்புங்க."

மானத்தை வாங்குகிற வரிகளுக்கு இப்படிச் சந்தோஷப்படுகிறவரை அவள் பார்த்ததில்லை. குறி சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அதை அடிச்சிடுங்க" என்றார் மனைவி.

"நீ உள்ள போ" என்றார் ஓவியர்.

"எதுக்குப் போகணும்? நான் உள்ளயே உட்கார்ந்திருந்ததாலதான் இவ்வளவும்."

"இத்தனை வருஷம் கழிச்சு அதெல்லாம் எதுக்கு?"

"சுவத்துல எழுதப் போறாங்களாம். நாளைக்கு நம்ம பேரப் பிள்ளைங்க வந்து படிக்கும்."

அப்போதுதான் விமர்சகி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பேசும்போது வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஒரு கண் இமை மற்றதைவிட மெதுவாக மூடியது.

"பிள்ளை பொறந்த கையோட எனக்கு முகவாதம் வந்துச்சும்மா. வாய் கோணிப்போச்சு. அதுவரைக்கும் இவர் வரைஞ்ச பொம்பளைங்க படமெல்லாம் நான்தான். அப்புறம் வீட்டுல கண்ணாடியைக்கூட கவுத்து வெச்சுட்டேன். வரையறதுன்னா என் முதுகை வரைங்க, முகத்தைத் தொட்டீங்கன்னா செத்துருவேன்னு அழுதேன்."

"சரிம்மா, உங்க முகத்தை வரையலை. மத்தவங்க என்ன பண்ணினாங்க?"

"எனக்கும் அப்பப் புரியலை. கேட்டா, முதுகுதான் சுலபம்னு சொல்லிட்டார். என்னை மட்டும் முதுகா வரைஞ்சா, உன் பொண்டாட்டி முகத்துக்கு என்ன ஆச்சுன்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்கள்ல?"

ஓவியர் எதையோ தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். ரொம்ப நேரமாகத் தேடினார்.

விமர்சகி பேனாவை எடுத்தாள். எழுதியதை எல்லாம் அடித்தாள்.

"உங்களுக்குச் சரியானதும் மறுபடி முகம் வரைய ஆரம்பிச்சுட்டாராம்மா?"

"எங்க சரியாச்சு? நீங்கதான் பார்க்கறீங்களே" என்று அந்த அம்மா வாய் கோணச் சிரித்தார். "ஒரு நாள் எனக்கே ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு இவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அதுக்கப்புறம்தாம்மா இந்த ஊர்ல எல்லாருக்கும் முகம் வந்துச்சு."