எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ்

"அப்பா, ஃபோனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்க. அடித்தட்டு தெரியல."

"இப்பத் தெரியுதா? பச்சை மீன். தனி டப்பாவுல, மூடி போட்டு வெச்சிருக்கு. தண்ணி சொட்டினாலும் வேற எது மேலயும் படாது."

"மேல் தட்டு?"

"சமைச்சது. ஒவ்வொரு டப்பாவுலயும் தேதி ஒட்டியிருக்கு, பாத்துக்கோ."

மகள் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்கு நம்ப முடியவில்லை.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். குளிரில் இருக்க வேண்டிய மருந்து அரை மணி நேரம் வெளியே இருந்தாலே பதறிப்போவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அப்பா, இரண்டு நாள் அடுப்பு மேடையிலேயே கிடந்த கோழிக்கறியைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர். "வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லையா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இருக்கே, ஐஸ் தண்ணிக்கு" என்று பதில் வேறு.

அம்மா போய் ஒன்பது வருடம். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், தனி ஆள். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"தினமும் சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து எனக்குக் காட்டணும். ஒருநாள் சொதப்பினாலும் மூட்டை முடிச்சோட என் வீட்டுக்கு வந்துடணும்."

அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. மருமகன் தங்கமானவர்தான். ஆனால் டிவி ரிமோட்டைக் கையிலிருந்து இறக்கவே மாட்டார்.

முதல் மாதம் திட்டு வாங்கியே தீர்த்தார். கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தை உள்ளே வைத்தார். கதவு மூடாத அளவுக்குக் காய்கறியைத் திணித்தார். அடுத்த மாதம் என்ன மாயமோ, ஆளே மாறிவிட்டார்.

"முட்டையை ஏன்ப்பா கதவுலேர்ந்து எடுத்துட்டீங்க?"

"கதவைத் திறந்து திறந்து மூடுறோம்ல, அங்க குளிர் நிக்காது. உள்தட்டுதான் சரி. ஏன், உனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து மகளுக்கு மாமியாரிடம், தோழிகளிடம், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அப்பாவின் ஃப்ரிட்ஜைப் பற்றியே பேச்சு. பெருமை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்த அப்பாவின் முகம் வெளிறியது.

"நீயா! ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல கண்ணு?"

"பண்ணியிருந்தா எப்படி? உங்களுக்கு சர்ப்ரைஸ்!"

செருப்பைக் கழற்றியவள் நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

உள்ளே விளக்கு எரியவில்லை. துளி குளிர் இல்லை. மேல் தட்டில் பழைய செய்தித்தாள்கள். பால் இருக்க வேண்டிய இடத்தில் ஷூ பாலீஷ். முட்டைக் குழிகளில் வரிசையாக டார்ச் பேட்டரிகள்.

"என்னப்பா இது?"

"அது... கெட்டுப்போச்சும்மா. ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்ப நான் தினமும் பார்த்தது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "எதிர் வீட்ல ஒருத்தங்க இருக்காங்களே, ரத்த வங்கியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க... அவங்க ஃப்ரிட்ஜ்."

மகள் ஃப்ரிட்ஜ் கதவைப் படாரென்று சாத்தினாள். "தேதி ஒட்டினது?"

"அவங்கதான்."

"முட்டையை உள்தட்டுல வெச்சது?"

"அதுவும் அவங்கதான். ஆனா மூடி போடுறது நான்!"

"அடுத்தவங்க ஃப்ரிட்ஜைக் காட்டி என்னை ஏமாத்தியிருக்கீங்க. நான் ஊரெல்லாம் பெருமை பீத்திக்கிட்டிருக்கேன்! மறுபடியும் எதையாவது தின்னுட்டு ஆஸ்பத்திரியில படுத்தா நான் என்னப்பா பண்ணுவேன்?" அவள் கண் கலங்கியது. "போதும். பேச்சே வேண்டாம். பெட்டியைக் கட்டுங்க."

"கட்டிட்டேன்மா" என்றார் அப்பா மெதுவாக.

அப்போதுதான் அவள் கவனித்தாள். கட்டிலோரம் இரண்டு பெட்டிகள், பூட்டித் தயாராக நின்றன. அவள் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. பாவம், தப்பு செய்துவிட்டோம் என்று அவரே கிளம்பத் தயாராகிவிட்டார் போலிருக்கிறது.

"சரி, விடுங்க. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? உங்க மாப்பிள்ளைகிட்டேர்ந்து ரிமோட்டை நான் வாங்கித் தரேன். வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"உன் வீட்டுக்கு இல்ல கண்ணு, எதிர் வீட்டுக்கு" என்று வெட்கத்தோடு தரையைப் பார்த்தார் அப்பா. "வர்ற வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், அவங்களை உனக்குக் காட்டத் தைரியம் வராமத்தான், முதல்ல அவங்க ஃப்ரிட்ஜையாவது காட்டுவோம்னு..."