ஓடி வந்தவர்கள்

புது மாநிலத்தில், புது வீட்டில், முதல் வேலையாக அவள் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள்.

“நாள் கணக்கா கார் ஓட்டி ரெண்டு மாநிலம் தாண்டியாச்சு. இங்கே நம்மளை யாருக்குத் தெரியும்?” என்று சிரித்தார் அவர்.

“உங்களுக்கென்ன! எனக்குத்தான் பயமா இருக்கு. சொல்லாம கொள்ளாம ஓடி வந்தது தப்போ?”

“சொல்லியிருந்தா கால்ல விழுந்து அழுதிருப்பாங்க. உன் மனசு இளகியிருக்கும்.”

“தேடுவாங்களே...”

“தேடட்டும். இனி நமக்குன்னு ஒரு வாழ்க்கை. விடிஞ்ச பிறகும் தூங்கலாம். சாயங்காலம் கைகோத்து நடக்கலாம்.”

அவள் வெட்கப்பட்டாள். அப்போது போன் அடித்தது.

இருவரும் திடுக்கிட்டார்கள். வழியில் வாங்கிய புது நம்பர் அது.

“யாருக்குடி கொடுத்தே?”

“கொடுக்கலைங்க. ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்பினேன். சின்னதுக்கு இருமல் மருந்து ஃப்ரிட்ஜ் மேலே இருக்குன்னு...”

அவர் தலையில் அடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

“அம்மா!” மகனின் குரல் கெஞ்சியது. “நீயும் அப்பாவும் எங்கேம்மா போயிட்டீங்க? உன் மருமகளால ஆபீஸ் போக முடியலை. உன் பேரப்பிள்ளைங்க மூணும் வீட்டைத் தலைகீழாக்குதுங்க. சரி, நீங்க வர வேண்டாம். அட்ரஸை மட்டும் அனுப்பு. லீவுக்கு மூணையும் அங்கேயே கொண்டாந்து விட்டுடறோம்.”

அவர் போனை அணைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. போச்சு, இளகிவிட்டாள் என்று நினைத்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏங்க, அடுத்த மாநிலம் இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?”