ஏழாம் எண் படம்

டிங்! தகரக் கூரையில் கொட்டும் மழையையும் மீறி மடிக்கணினி ஒலிக்க, ஜெயந்தினியின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிப் பாயில் சிந்துகிறது. ராகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் மங்கிய மாலை வெளிச்சத்தில் திரையின் நீலம் மட்டும் அவள் முகத்தில் அடிக்கிறது. மூளை ஸ்கேன் படங்களில் கட்டியைக் கண்டுபிடிக்கக் குவாண்டம் கணினியைப் பழக்குவதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளை ஒன்று தேவைப்பட்டபோது, சிரித்துக்கொண்டே போய் ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்தவள் அவளேதான். அதுதான் ஏழாம் எண் படம். ஒவ்வொரு படத்தையும் அங்கிருக்கும் கணினி ஆயிரம் தடவை அளந்து முடிவை இங்கே அனுப்பும். ஏழாம் எண்ணுக்குத் தொள்ளாயிரத்துப் பதினான்கு தடவை ‘கட்டி’ என்கிறது. மூன்றாவது முறை ஓட்டியும் ஏறக்குறைய அதே கணக்கு. படத்தில் கட்டி காட்டும் இடத்தில், வலது காதுக்கு மேலே விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கிறாள். வலி இல்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்து குளித்த ஈரத்தலையோடு, அம்மா காளியாயி அர்ச்சனைத் தட்டில் தேங்காயை எடுத்து வைக்கிறாள்.

“அந்தப் பொட்டி உன்ன மொறைக்குதா, நீ அத மொறைக்கிறியா? என்னடி சொல்லுது?”

“ஒருத்தங்க தலையில கட்டி இருக்குன்னு காட்டுதும்மா.”

“ஐயோ பாவம்! கோயிலுக்குத்தானே போறேன், அவங்களுக்கும் ஒரு அர்ச்சனை செஞ்சிர்றேன். பேரு, நட்சத்திரம் சொல்லு.”

அம்மாவின் கையில் கற்பூரப் பொட்டலம் சரசரக்கிறது. ஜெயந்தினி திரையை மெல்ல மூடுகிறாள்.

“எம் பேரையே சொல்லுங்கம்மா. நட்சத்திரம்தான் உங்களுக்குத் தெரியுமே.”