மாத்துச்சாவி

"தொண்டை சுத்தமா கட்டிக்கிச்சு முதலாளி. இன்னிக்கு இவ பாடட்டும்."

கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் நாயகி சொன்னாள்.

அந்த 'இவ' பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். நாடகக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் மாத்துச்சாவி. நாயகிக்கு முடியாமல் போனால் மட்டும் மேடையேற வேண்டிய மாற்றுப் பாடகி. ஏழு வருஷமாக ஒவ்வொரு காட்சிக்கும் வேஷம் கட்டிக்கொண்டு பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள்கூட யாரும் கூப்பிட்டதில்லை.

"இன்னிக்குத்தானாம்மா கட்டணும்?" முதலாளி கையைப் பிசைந்தார். "கேட்டே ஆகவேண்டிய மேடைப் பாட்டுன்னு பத்து பாட்டைப் பொறுக்கி இசைத்தட்டு போடறாங்க. நம்ம கப்பல் பாட்டைப் பதிவு பண்ண மைக்கோட வந்து உக்காந்திருக்காங்க. உனக்கு உயிர் போற மாதிரி இருந்தாத்தான் இவளை ஏத்துவேன். அதான் நம்ம கம்பெனி சட்டம்."

"உயிர்தான் போகுது," என்று நாயகி இருமிக் காட்டினாள்.

மாத்துச்சாவிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அல்ல. இத்தனை வருஷமாக, தினம் ஒரு தடவையாவது அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டது இதைத்தானே! அக்காவுக்கு ஒரே ஒரு நாள் தொண்டை கட்டட்டும் என்று. பாழாய்ப் போன வேண்டுதல், பலிக்க இந்த நாள்தானா கிடைத்தது? காலத்துக்கும் நிற்கப்போகிற பதிவு. அக்கா பாடிப் பாடி ஊரே முணுமுணுக்கிற பாட்டு.

"முதலாளி, அரை மணி நேரம் குடுங்க. அக்காவை நான் பாட வெக்கிறேன்," என்றாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை? போய் தயாராகு," என்றாள் நாயகி.

கேட்டால்தானே? வெந்நீர் வந்தது, உப்பு வந்தது, இஞ்சியும் மிளகும் தேனும் வந்தன. முதல் கப் நாயகியின் கை தவறிக் கீழே கொட்டியது. "பரவாயில்லக்கா," என்று இன்னொரு கப் கலக்கினாள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். இம்மிகூட நகரவில்லை.

ஆவி பிடிக்கத் துண்டைப் போட்டு மூடியபோது, நாயகி அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்குப் பாடணும்னு ஆசையே இல்லையா?"

"இருக்குக்கா. ஆனா இப்படி வேணாம். உங்களுக்குத் தொண்டை கட்டணும்னு தினமும் வேண்டிக்கிட்ட பாவி நான். அந்தப் பாவத்தை இன்னிக்கே கழுவிடறேன்."

நாயகியின் கண்ணிலும் தண்ணீர்.

"அட மண்டு..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி துண்டை விலக்கிவிட்டார்.

"எங்கே, கொஞ்சம் பாடிக் காட்டு. பாப்போம்."

நாயகி மாட்டேன் என்று தலையாட்டினாள். "நான் எடுத்துக் குடுக்கறேன்க்கா," என்று மாத்துச்சாவி கப்பல் பாட்டின் முதல் வரியை ஆரம்பித்தாள். அழுத தொண்டையா, சுருதி ஒரு நூல் இறங்கிவிட்டது.

"மேல எடுடி! இப்படி!" ஏழு வருஷமாக அவளைத் திருத்திய பழக்கம், நாயகி தன்னை மறந்து அந்த வரியை எடுத்துப் பாடியேவிட்டாள். வெண்கலக் குரல்.

"வந்துடுச்சு!" முதலாளி துள்ளிக் குதித்தார். "கைராசிக்காரிடி நீ!"

அன்றைக்கு நாயகி பாடிய பாட்டுக்கு மூன்று தடவை 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் மாத்துச்சாவி அழுதுகொண்டே கேட்டாள். ஆசை கிடந்து மனசைப் பிறாண்டியது. போகட்டும், பாவமாவது தீர்ந்ததே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து, வேஷத்தைக் கலைத்து, முகம் கழுவிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, ஒலிப்பதிவாளர் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பதிவு நல்லா வந்திருக்குங்களா?" என்று கேட்டாள்.

"பிரமாதம்! ஆனா ஒண்ணுதான் புரியலம்மா. எங்களை வரச் சொன்னதே அந்த அம்மாதான். 'எனக்காக வராதீங்க, எனக்கு மாத்தா ஒருத்தி ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கா, அவ குரல்தான் தட்டுல ஏறணும். தேதியை மட்டும் சொல்லுங்க, அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கும்'னு போன மாசமே சொல்லிட்டாங்க. ஆமா, அந்தப் பொண்ணு ஏன் இன்னிக்கு வரல?"